ஆறாம் இடத்து ஜனாதிபதி

ஓய்வு பெற்றவனைப் பழைய வேலையிடத்துக்குக் கூப்பிடக் கூடாது. வந்தால் அவன் வாய் சும்மா கிடக்காது. போன கிழமை எங்கள் டயாலிசிஸ் பிரிவில் யாருக்கோ பிறந்தநாள், கேக் வெட்டுகிறோம் வாருங்கள் என்றார்கள். போனேன். புதிதாக வந்த கருவி ஒன்றைக் காட்டினார்கள். ஊசி குத்திய கையில் அதை ஒட்டிவிட்டால் ஒரு துளி இரத்தம் கசிந்தாலும் கீ என்று கத்துமாம். அங்கே தாதியாக இருக்கும் அபிராமி ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. அவள் சந்தோஷமாகச் சொன்னாள்.

“இனி ஆக்களுக்குக் குளிருது எண்டால் கையைப் போர்வையாலே மூடி விடலாம் அண்ணை. முந்தின மாதிரிப் பாத்துக்கொண்டே நிக்கத் தேவையில்லை.”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “விசர்க் கதை கதையாதை பிள்ளை! மெஷின் கத்தும் எண்டதுக்காகக் கையை மூடுவியோ?”

கேக்குத் தட்டை வைத்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் நோயாளிகளே திரும்பிப் பார்த்தார்கள். அவள் கோபிக்கவில்லை. “உங்களுக்கு அந்த ஜனாதிபதியின்ர ஞாபகம் வந்திட்டுது போல. அது மெய்யான கதையே அண்ணை? எல்லாரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லினம். நீங்கள் சொல்லுங்கோவன்.”

அங்கே நின்று சொல்ல எனக்கு ஏலவில்லை. அதனால் எழுதுகிறேன். எந்த நாடு என்று கேட்காதீர்கள். ஆபிரிக்காவில் ஒரு நாடு. அப்பன் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆண்டான், பிறகு மூத்த மகன், பிறகு இளைய மகன். அவ்வளவு போதும்.

என்னுடைய கதை சின்னது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு அகதியாக வந்து, அகதி முகாமில் கிடந்து, ஒரு உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு பீலெஃபெல்ட் நகரில் தாதிமார் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஜெர்மன் மொழியில் உடம்பின் எலும்புகளை மனப்பாடம் செய்ததுதான் பெரிய பாடு. மற்றதெல்லாம் கை பழகிவிட்டது. டயாலிசிஸ் பிரிவுக்குப் போட்டார்கள். கடைசி நாள் வரைக்கும் அங்கேயே இருந்தேன்.

வேலை இதுதான். சிறுநீரகம் செத்துப்போனவர்களின் இரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் கழுவி, திருப்பி உள்ளே விடுவது. கிழமைக்கு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் நான்கு மணி நேரம். வந்ததும் ஆளை நிறுத்துப் பார்ப்போம். போன தரத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் உடம்பில் ஏறியிருக்கிறது என்று தராசு சொல்லும். பிறகு கை. கையில் ஒரு நாளத்தையும் நாடியையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அதன் மேல் விரலை வைத்தால் மடியில் படுத்த பூனை உறுமுவது போல உள்ளே ஒரு அதிர்வு தெரியும். அது இருந்தால்தான் ஆள் பிழைப்பார். அந்த இடத்தில் இரண்டு ஊசி. ஒன்று எடுக்கும், ஒன்று கொடுக்கும். கொடுக்கும் ஊசி கழன்றுவிட்டால் சில வேளை மெஷினுக்கு அது தெரியாது. இரத்தத்தைக் கட்டில் விரிப்புக்குள் ஊற்றிக்கொண்டே இருக்கும். மேலே போர்வை கிடந்தால் எங்களுக்கும் தெரியாது. சில நிமிடத்தில் ஆள் முடிந்துவிடுவார். அதனால் கை திறந்தே இருக்க வேண்டும். குளிர்ந்தாலும் சரி, வெட்கப்பட்டாலும் சரி.

இந்தச் சட்டத்துக்குச் சொந்தக்காரி எங்கள் தலைமைத் தாதி ஃப்ராவ் பிரிங்க்மன், அதாவது திருமதி பிரிங்க்மன். மெலிந்த, நெடிய மனுஷி. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும், கேட்பவன் குனிந்துதான் கேட்க வேண்டும். அவருடைய பிரிவில் பட்டம் பதவி கிடையாது. பேராசிரியரும் ஒரு இடம், பஸ் சாரதியும் ஒரு இடம். “தராசிலே ஏறினால் எல்லாரும் கிலோதான்” என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு குளிர்காலத்தில் ஆறாவது மெஷினுக்கு, எங்கள் கணக்கில் ஆறாம் இடத்துக்கு, ஒரு ஆபிரிக்கர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர்ப் பட்டியில் ‘ஹெர் வேபர்’, திரு. வேபர், என்றிருந்தது. அசல் ஜெர்மன் பெயர். நான் பட்டியைப் பார்த்தேன், ஆளைப் பார்த்தேன். அவர் சிரித்தார்.

“என்ன பாக்கிறீங்கள்? வேபர் எண்டால் நான்தான்.”

சுத்தமான ஜெர்மன். ஆஹென் நகரில் பொறியியல் படித்தவராம். எங்களுக்குள் எப்போதும் ஜெர்மன்தான். எழுதும்போது என் கையில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஜனாதிபதியின் மூத்த மகன் அவர். நோய் இருப்பது நாட்டில் தெரியக் கூடாது, அதற்குத்தான் இந்தப் பொய்ப் பெயர். தெரிந்தால் வாரிசுப் போட்டி தொடங்கிவிடும். பெர்லினுக்கோ மியூனிக்குக்கோ போனால் பத்திரிகைக்காரன் பிடித்துவிடுவான். பீலெஃபெல்ட் என்று ஒரு ஊரே கிடையாது என்று ஜெர்மன்காரர் காலங்காலமாகப் பகிடி விடுவார்கள். “இல்லாத ஊரிலே இல்லாத ஆளைத் தேட மாட்டினம்” என்றார் அவர். முதல் நாளே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

அடுத்த வருடம் தகப்பன் செத்தார். அந்தச் செய்தி வந்த காலையில் வேபர் மெஷினில் இருந்தார். கறுப்பு உடுப்புப் போட்ட ஐந்தாறு பேர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அவருடைய சாய்கதிரைக்கு முன்னால் முழங்காலில் விழுந்தார்கள். பெரியவர் போய்விட்டார், விமானம் காத்திருக்கிறது, உடனே வெளிக்கிட வேண்டும், இன்று இரவே பதவி ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் இராணுவம் முந்திவிடும் என்று ஒரே சத்தம். ஒருத்தன் குழாயில் கையை வைக்கப் போனான்.

ஃப்ராவ் பிரிங்க்மன் நடுவில் வந்து நின்றார். “இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு.”

“அம்மா, இவர் இப்ப ஜனாதிபதி!”

“இருக்கட்டும். ஒன்றரை மணி நேரம் இருக்கு.”

குனிந்துதான் கேட்டார்கள். ஒரு நாட்டின் அரசாங்கமே எங்கள் நடையில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தது. வேபர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். ஒரு கையில் ஊசி, மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “அப்பாவுக்காக அழுகிறதுக்கு எனக்குக் கிடைச்ச நேரம் இவ்வளவுதான், ஹெர் சிவம்” என்றார். அழுதார். முடிந்ததும் ஊசியைக் கழற்றி, இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்து, கட்டுப் போட்டு, தராசில் ஏற்றி நிறுத்து அனுப்பினேன். வாசலில் சிரித்த முகத்தோடு போனார்.

அரண்மனையில் ஒரு மெஷின் வாங்கி வைத்தார்கள். ஆனாலும் ‘வர்த்தகப் பேச்சுவார்த்தை’ என்ற பெயரில் வருடத்துக்கு நான்கைந்து தரம் எங்களிடம் வந்து சில கிழமைகள் தங்குவார். இப்போது காவலர்கள் கூட வந்தார்கள். கரைச்சலும் கூட வந்தது. அவர்கள் நாட்டு வழக்கப்படி ஆள்பவரின் இரத்தத்தைக் குடிகள் காணக் கூடாதாம். கண்டால் ஆட்சி நிற்காதாம். தகப்பனின் செத்தவீட்டுக்கென்று அவர் முகம் பதித்து அச்சடித்த துணி ஒன்றைக் கொண்டுவந்து, கை, குழாய், ஊசி எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். செத்த தகப்பன் மகனின் கையில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ஃப்ராவ் பிரிங்க்மன் துணியை எடுத்து நான்காக மடித்துத் தலைமைக் காவலனின் கையில் கொடுத்தார். அவன் திரும்ப மூடினான். இவர் திரும்ப எடுத்தார். மூன்றாம் முறை குரல் தணிந்தது. “மூடினால் இவர் செத்துப்போவார். திறந்தால் உங்கட வழக்கம் செத்துப்போகும். எது வேணும்?”

கடைசியில் இருவருக்கும் பொதுவாக ஒரு வழி பிடித்தோம். ஆறாம் இடத்தைச் சுற்றி மறைப்புத் திரை. காவலர்கள் வெளியே. உள்ளே கை திறந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த நாட்டுக் குடி அல்லாத ஒரு ஆள். அந்த ஆள் நான். இப்படித்தான் அகதியாக வந்த ஒருத்தன் ஒரு ஜனாதிபதியோடு நான்கு நான்கு மணி நேரமாக ஒரு திரைக்குள் உட்கார்ந்தான்.

என்ன கதைத்தோம்? எல்லாம். எங்கள் நாட்டுச் சண்டையைக் கேட்பார். தன் நாட்டைப் பற்றிச் சொல்வார். பொறியியல் படித்த மனுஷன், தண்ணீர்க் குழாய் போடுவதுதான் அவருடைய பைத்தியம். தகப்பன் கட்டிய மாளிகைகளை ஏசுவார். ஆனால் தகப்பன் உருவாக்கிய உளவுப் படையைக் கலைத்தாரா என்று ஒரு நாள் கேட்டேன். “அதைக் கலைச்சால் அடுத்த நாள் நான் இருக்க மாட்டன். வைச்சிருந்தால் நான் என்ர அப்பன். என்ன செய்யிறது சொல்லுங்கோ?” அவர் நல்லவர் என்று நான் சாதிக்க வரவில்லை. அவருடைய சிறைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். திரைக்குள் எனக்குத் தெரிந்தவர் கையை நீட்டிக்கொண்டு கிடந்த ஒரு நோயாளி, அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. மெஷினில் இருந்து விடுபட வேண்டும். அதற்கு ஒரு சிறுநீரகம் வேண்டும். தம்பியார் தருவதாக வந்தார்.

தம்பியார் அழகன். உயரம், வெள்ளைச் சிரிப்பு, எல்லோரிடமும் பெயர் கேட்டுப் பழகுவார். பரிசோதனைகள் செய்தோம், எல்லாம் பொருந்தியது. கொடுப்பவருக்கும் எங்கள் பிரிவில் ஒரு வகுப்பு உண்டு. வாங்குபவர் என்ன சாப்பிடலாம், எது நஞ்சு, மெஷின் இல்லாவிட்டால் உடம்பில் என்ன நடக்கும் என்றெல்லாம் சொல்லிக் கொடுப்போம். தம்பியார் நல்ல மாணவன். கேள்வி மேல் கேள்வி கேட்டார். சத்திர சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். வீட்டுக்கு வந்து என் மனிசியிடம் சொன்னேன்.

“கூடப் பிறந்தவன் குடுக்காமல் விடுவானே?” என்றாள் அவள். “தானாடாட்டிலும் தன் தசை ஆடும்.”

குறித்த நாளுக்கு முந்தின கிழமை தாயாருக்குச் சுகமில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று தம்பியார் நாட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு வந்த புதன்கிழமை வேபர் வழமை போல் மெஷினில் இருந்தார். திரைக்கு வெளியே காவலர்களின் கைப்பேசி ஒன்று அடித்தது. பிறகு இன்னொன்று. குசுகுசுவென்று கதை. கதிரை இழுபட்ட சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவர் தலையைத் தூக்கினார்.

“வெளியிலே ஆரும் இருக்கினமோ, பாருங்கோ.”

திரையை விலக்கினேன். ஒருவரும் இல்லை. குடித்து முடிக்காத கோப்பிக் கோப்பைகளில் மட்டும் ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் திரும்பி வந்தேன். என் முகம் சொல்லிவிட்டது. அவருடைய இரத்த அழுத்தம் விழுந்தது. கதிரையைச் சாய்த்து, காலைத் தூக்கி, உப்புத் தண்ணீர் ஏற்றினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “இராணுவமோ, தம்பியோ?”

தம்பிதான். பின்னேரச் செய்தியில் சொன்னார்கள். அண்ணன் நோயாளி, ஒரு ஐரோப்பிய ஆஸ்பத்திரியில் மெஷினில் உயிர் வாழ்கிறார், ஆள முடியாதவர் என்று பரிசோதனைப் படங்களோடு நாட்டுக்குச் சொல்லிவிட்டுக் கதிரையில் ஏறியிருந்தார். நாங்கள் ஒளித்து வைத்த நோயைக் கொண்டே அண்ணனை விழுத்திவிட்டார்.

திரை அகன்றது. இனி மறைக்க ஒருவருமில்லை. தூதரகத்துக்காரர் தொலைபேசி எடுக்கவில்லை. வேபர் ஹோட்டலை விட்டு ஒரு சின்ன வாடகை அறைக்கு வந்தார். மெஷினுக்கு மட்டும் தவறாமல் வந்தார். பஸ்ஸில் வந்தார்.

நான் சொன்னேன். “இஞ்சை இருங்கோ. அகதி அந்தஸ்து கேட்டு விண்ணப்பம் போடுங்கோ. என்னென்ன செய்ய வேணும் எண்டு எனக்குத் தெரியும். நானும் அப்பிடித்தான் வந்தனான். கூட வாறன்.”

அவர் சிரித்தார். “என்ர அப்பா இந்த நாட்டு ஜனாதிபதியோட இருந்து விருந்து சாப்பிட்டவர். நான் முகாமிலே சாப்பாட்டுத் தட்டோட வரிசையிலே நிக்கிறதோ?”

“நில்லுங்கோ! நிண்டால் என்ன? நாங்கள் நிக்கேல்லையோ? உயிர் பெரிசோ, உங்கட அப்பாவின்ர விருந்து பெரிசோ?” என்று கத்திவிட்டேன். அவரைப் பார்த்து அப்படி யாரும் கத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் யோசித்தார். எனக்குத் தெரியும், அந்தக் கிழமை அவர் உண்மையாகவே யோசித்தார்.

அதற்குள் தம்பியார் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். அழுதாராம். இராணுவம் என்னை மிரட்டித்தான் கதிரையில் வைத்தது, அண்ணா வந்து மக்கள் முன்னால் என்னை ஆசீர்வதித்தால் சண்டை வராது, பிறகு இருவரும் ஒன்றாக ஜெர்மனி வருவோம், சொன்ன சொல் சொன்னதுதான், சிறுநீரகம் உங்களுக்குத்தான் என்றாராம்.

“நம்புறீங்களோ?” என்று கேட்டேன்.

“நம்பாட்டி எனக்கு என்ன இருக்கு? இஞ்சை ஒரு மெஷின். அங்கை ஒரு கிட்னி, ஒரு அம்மா, ஒரு தம்பி.” குழாயில் ஓடும் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அவன் சின்னனிலே என்ர முதுகிலே ஏறித்தான் பள்ளிக்கூடம் போனவன், ஹெர் சிவம்.”

ஃப்ராவ் பிரிங்க்மன் கடைசி நாள் ஆறாம் இடத்துக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோயாளியின் பக்கத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். டொக்டர் ஏற்கனவே எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டார். இவர் ஒன்றுதான் கேட்டார்.

“திங்கட்கிழமைக்குள்ளே உங்களுக்கு ஒரு மெஷின் வேணும். இருக்கோ?”

“அரண்மனையிலே இருக்கு.”

“ஆரின்ர அரண்மனை?”

“எங்கட வீடு” என்றார் வேபர்.

ஃப்ராவ் பிரிங்க்மன் எழும்பிப் போய்விட்டார். நான் வழமையை விடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் எடுத்தேன், இரண்டு நாள் பிந்தினாலும் தாங்கட்டும் என்று. அதற்கு மேல் எங்களால் செய்யக் கூடியது ஒன்றும் இருக்கவில்லை. ஊசியைக் கழற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரத்தம் நின்ற பிறகும் விரலை எடுக்க மனம் வரவில்லை. அவர்தான் என் கையைத் தட்டி எடுத்துவிட்டார்.

அடுத்த கிழமை வியாழக்கிழமை காலை பிரிவின் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். இரைச்சலுக்குள்ளே மூச்சு வாங்கும் சத்தம்.

“வேபர் கதைக்கிறன்.”

“எங்கை நிக்கிறீங்கள்? மெஷின் தந்தவையோ?”

விமான நிலையத்திலிருந்தே கொண்டுபோய் ஒரு வீட்டில் வைத்திருக்கிறார்களாம். காவலன் ஒருவன் இரக்கப்பட்டுக் கைப்பேசி கொடுத்தானாம். மெஷின் நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்கிறார்களாம். தம்பியார் வந்து பார்க்கவில்லை.

“சாப்பாடு?”

“நல்ல மரியாதை. காலமை ஒரு தட்டம், பின்னேரம் ஒரு தட்டம். எல்லாம் பழம். வாழைப்பழம், தோடம்பழச் சாறு. வேறை ஒண்டும் தரேல்லை. தண்ணி கேட்டாலும் சாறுதான்.”

சிறுநீரகம் இல்லாதவனுக்குப் பழம்தான் நஞ்சு. அதில் உள்ள பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் இரத்தத்தில் ஏறி நெஞ்சை நிறுத்திவிடும். எங்கள் வகுப்பில் தம்பியாருக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே அதைத்தான்.

“தொடாதேங்கோ! பட்டினி கிடவுங்கோ. சாறு நாக்கை நனைக்க மட்டும்.”

“ஓம். எனக்கும் தெரியும். ஆனால் பசிக்குது.” மூச்சு வாங்கினார். “படுக்க ஏலாமல் கிடக்கு. படுத்தால் தண்ணிக்குள்ளே தாழுற மாதிரி இருக்கு.”

“படுக்காதேங்கோ. இருங்கோ. முதுகுக்குத் தலகாணி வையுங்கோ. காலைத் தொங்கப் போடுங்கோ. சன்னலைத் திறவுங்கோ.”

“சன்னல் திறக்க விட மாட்டினம்.”

இன்னும் எத்தனை நாள் தாங்குவேன் என்று அவர் கேட்கப் போகிறார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் ஒரு மெஷின் கத்தத் தொடங்கியது. அது அவருக்கும் கேட்டிருக்கிறது.

“எந்த இடம்?”

நான் திரும்பிப் பார்த்தேன். “ஆறாம் இடம்.”

“இப்ப ஆர் இருக்கினம்?”

“ஒரு தையற்கார அம்மா. இருபது வருஷமாய் டயாலிசிஸ் செய்யிறா.”

“இருபது வருஷம்” என்றார். சொன்னது எனக்கா, தனக்கா தெரியாது. பிறகு குரலை நிமிர்த்திக்கொண்டார். “போங்கோ. போய் அவவைப் பாருங்கோ.”

போனேன். போகாமல் இருக்க ஏலாது. அந்த அம்மா நித்திரையில் கையை மடித்திருந்தார், குழாய் மடிந்து மெஷின் கத்தியது. கையை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்தேன். லைன் வெட்டுப்பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனிசிதான் டி.வி.யில் முதலில் கண்டு கூப்பிட்டாள். முன்னாள் ஜனாதிபதி நீண்டகாலச் சிறுநீரக நோயால் காலமானார், அரச மரியாதையோடு அடக்கம் என்றார்கள். தம்பியார் பெட்டிக்குத் தோள் கொடுத்துக்கொண்டு அழுதுகொண்டு வந்தார். மனிசி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தையற்கார அம்மா குளிருக்குள்ளால் நடந்து வந்து, தராசில் ஏறினார். ஒரு கிலோ எண்ணூறு கிராம் கூட. “ஞாயிற்றுக்கிழமை சூப் கொஞ்சம் கூடக் குடிச்சிட்டன், ஏசாதேங்கோ” என்றார். நான் ஏசவில்லை. கையை வாங்கி விரலை வைத்துப் பார்த்தேன். அதிர்வு நன்றாக இருந்தது. ஊசி குத்தும்போது, உங்களுக்குச் சுகமில்லையோ என்று அவர்தான் என்னைக் கேட்டார். பக்கத்தில் நின்ற ஃப்ராவ் பிரிங்க்மன் எனக்காகப் பதில் சொன்னார்.

“அவருக்கு ஒண்டும் இல்லை. எங்கட நோயாளி ஒராளைக் கொலை செய்துபோட்டினம்.”